துணியில் ஏறிய சாயம் காகிதத்தில் குடியேறிய கதை!

ஆடிச் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிப் பக்கம் இரண்டு கூட்டம் கிளம்பும். ஒன்று, குற்றாலத்துக்குக் குளிக்கப் போகும் கூட்டம். இன்னொன்று, சுந்தரபாண்டியபுரத்துக்கு போட்டோ எடுக்கப் போகும் கூட்டம். ‘ரோஜா’ பட நாயகியின் ஊர் என்று ஒரு தலைமுறைக்கு அறிமுகமான இந்த ஊர், இப்போது சூரியகாந்தி வயல்களால் ரீல்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. பூவைப் பார்த்த கையோடு பலரும் போய் நிற்கும் இன்னோர் இடமும் உண்டு. 2005-ல் வந்த ‘அந்நியன்’ படத்துக்காகத் திரை நட்சத்திரங்களின் முகங்களைத் தீட்டிய பாறை அது. ஊரில் அதற்குப் பெயரே ‘அந்நியன் பாறை’தான்.

பேனரில் இருக்கவேண்டிய முகம் பாறைக்கு வந்ததும் அதைப் பார்க்கத் தனிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஜப்பானில் சாயக்கலை ஒன்றுக்கும் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. துணிக்கென்றே பிறந்த கலை, துணி கிடைக்காத காலத்தில் காகிதத்துக்குக் குடிபெயர்ந்தது. பிழைப்புக்காகப் போன அந்த இடத்தில்தான் பெரிய பெயரும் வாங்கியது.

வேலைக்காரக் காகிதம்

கிமோனோ என்ற ஜப்பானிய உடையில் இம்மியளவு பூக்களும் அலைகளும் புள்ளிகளும் வரிசை தப்பாமல் ஓடும். அவற்றில் பெரும்பகுதி தூரிகையால் வரைந்தவை அல்ல. ஸ்டென்சில் வைத்துச் சாயமேற்றியவை. இந்த முறைக்கு ‘கட்டாஸோமே’ என்று பெயர். ‘கட்டா’ என்றால் அச்சு, ‘ஸோமே’ என்றால் சாயமேற்றுதல்.

அந்த ஸ்டென்சிலே காகிதம்தான். கோஸோ என்ற செடியின் பட்டையிலிருந்து செய்த தாள்களை, இரண்டோ மூன்றோ அடுக்காக, ஒன்றின் நார் ஓடும் திசைக்கு இன்னொன்று குறுக்காக வரும்படி ஒட்டுவார்கள். ஒட்டுவதற்கான பசை, புளிக்கவைத்த பெர்சிமன் காயின் துவர்ப்புச் சாறு. அதன் பிறகு புகையூட்டுவார்கள். தாள் கரும்பழுப்பாகித் தோல் மாதிரி உறுதிப்படும்; தண்ணீரில் நனைந்தாலும் ஊறிக் கிழியாது. பெர்சிமன் நமக்கு அந்நியப் பழமாகத் தோன்றலாம். ஆனால், அதே இனத்தைச் சேர்ந்த பனிச்சை நம் பக்கத்து மரம். அதன் காய்ச்சாற்றை மீன்வலைக்கும் படகுக்கும் பூசிய மீனவர்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. துவர்ப்பு ஏறிய பொருள் சீக்கிரம் மட்காது என்ற அறிவு இரு கரையிலும் இருந்திருக்கிறது.

மியே மாகாணத்தில், இன்றைய ஸுஸுகா நகரத்தைச் சேர்ந்த ஷிரோகோ, ஜிகே என்ற இரண்டு ஊர்கள் பல நூற்றாண்டுகளாக இந்த அச்சுத்தாள்களை வெட்டுவதற்கே பெயர் போனவை. ஊசிமுனை போன்ற உளியைச் சுழற்றிச் சுழற்றி ஒரு சிறு தாளில் ஆயிரக்கணக்கான துளைகள் போடுவார்கள். ஒரே ஒரு துளை பிசகினாலும் மொத்தத் தாளும் வீண். 1955-ல் ஜப்பான் அரசு இந்தக் கைவினைஞர்களில் ஆறு பேரை உயரிய கலைத்திறன் கொண்டவர்களாக அங்கீகரித்தது. அதுவரை அவர்களின் பெயரைக் கிமோனோ வாங்கியவர்கள் கேட்டிருக்கக்கூட வாய்ப்பில்லை. சேலையின் பெயர் நமக்குத் தெரியும், நெய்தவர் பெயர் தெரியாது அல்லவா? அதே கதைதான்.

அரிசி மாவும் சோயாப் பாலும்

கட்டாஸோமே நடக்கும் விதத்தைக் கேட்டால், இது சாயப்பட்டறையா சமையலறையா என்று சந்தேகம் வரும்.

ஒட்டும் தன்மையுள்ள அரிசியின் மாவையும் சலித்த தவிட்டையும் பிசைந்து, வேகவைத்து, கொஞ்சம் சுண்ணாம்பும் உப்பும் சேர்த்துக் களி போலக் கிண்டுவார்கள். அச்சுத்தாளைத் துணியின் மேல் வைத்து, மரச் சட்டுவத்தால் இந்தக் களியை வழித்துப் பூசுவார்கள். தாளைத் தூக்கினால், துளை இருந்த இடத்திலெல்லாம் களி கோலம் போல நிற்கும். காய்ந்தபின் மேலே சாயம் பூசுவார்கள். களி இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. கடைசியில் தண்ணீரில் ஊறவைத்தால் களி கரைந்து போய், அதற்கடியில் இருந்த வெள்ளை வெளியே வரும்.

இங்கே வடிவத்தைக் கொடுப்பது சாயம் அல்ல, சாயத்தை உள்ளே விடாத அரிசி மாவு. வாசலில் மாக்கோலம் போட்டுப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

நிறம் கழுவினாலும் போகாமல் இருக்கச் சோயாவை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலை நிறப்பொடியில் கலப்பார்கள். பாலில் உள்ள புரதம் காயக் காய இறுகி, நிறத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நம் கலம்காரிக்காரர்கள் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்த பிறகே எழுதுகோலை எடுப்பார்கள்; மை பரவாமல் இருக்க அதுதான் வழி. அவர்களுக்கு எருமைப் பால், இவர்களுக்கு சோயாப் பால்.

ஒரு நாள்காட்டி செய்த மாயம்

இந்த முறையைக் காகிதத்தின் பக்கம் திருப்பியதில் முக்கியமானவர் செரிஸாவா கெய்ஸுகே. 1895-ல் ஷிஸுவோகாவில் பிறந்தவர். 1928-ல் டோக்கியோ உவேனோவில் நடந்த கண்காட்சியில் ஒகினாவா தீவின் ‘பிங்காட்டா’ துணியைப் பார்த்தார். மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக, கடலோர வெயில் போலப் பளீரென்ற ஸ்டென்சில் சாயத்துணி அது. பார்த்த நாளிலிருந்து அவர் போக்கே மாறிவிட்டது. 1939-ல் ஒகினாவாவுக்கே போய் அந்த வேலையைக் கற்றுக்கொண்டார்.

பொதுவாக வடிவத்தை ஒருவர் வரைவார், அச்சை இன்னொருவர் வெட்டுவார், சாயத்தை வேறொருவர் ஏற்றுவார். செரிஸாவா மூன்றையும் தன் கைக்குள் கொண்டுவந்தார். 1930-களில், அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒருவருக்காக ‘டான் கிஹோட்டே’ கதையை ஸ்டென்சில் சாயத்தில் படப்புத்தகமாகவே செய்தார். ஸ்பெயின் நாட்டு வீரன் அதில் சாமுராய் உடையில் வருவான்!

பிறகு போர் வந்தது. 1945-ல் டோக்கியோ மீது விழுந்த குண்டுகளில் செரிஸாவாவின் வீடும் பட்டறையும் எரிந்தன. அதுவரை சேர்த்த அச்சுகள், சேகரிப்புகள் எல்லாம் சாம்பல். ஐம்பது வயது. போர் முடிந்த நாட்டில் உடுத்தவே துணி இல்லை. சாயமேற்றத் துணிக்கு எங்கே போவது?

கையால் செய்த காகிதம் கிடைத்தது. அதில் 1946-ம் ஆண்டுக்கான நாள்காட்டியைச் செய்தார். மாதத்துக்கு ஒரு தாள். ஒவ்வொன்றிலும் பூவோ, பானையோ, வீடோ. எண்களைக்கூட ஓவியத்தின் ஓர் அங்கமாகவே வெட்டினார். மாதப் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்ததால் வெளிநாட்டவர்களும் விரும்பி வாங்கினார்கள். அப்புறம் வருடா வருடம் நாள்காட்டி வந்தது. 1984-ல் அவர் இறக்கும்வரை அது நிற்கவில்லை. வாழ்த்து அட்டை, புத்தக அட்டை, கடிதத்தாள், விசிறி என்று கிளைகள் விட்டது. 1955-ல் சாயக் காகிதத்துக்கென்றே தனிப் பட்டறை தொடங்கினார். அடுத்த ஆண்டே அரசு அவரை, அங்கே ‘வாழும் தேசியச் செல்வம்’ என்று மக்கள் சொல்லும் கௌரவத்துக்கு உரியவராக்கியது. 1976-ல் பாரிஸ் கிராண்ட் பலேயில் அவர் படைப்புகளின் கண்காட்சி நடந்தது.

விலையுயர்ந்த கிமோனோ வாங்க முடியாத வீட்டுச் சுவரிலும் அதே கைவேலை தொங்கியது. செரிஸாவாவின் பெரிய சாதனை இதுதான் என்று தோன்றுகிறது. விருதெல்லாம் அதற்கப்புறம்தான்.

லிப்ஸ்டிக்கும் ராணுவ வரைபடமும்

செரிஸாவாவுக்கு வழிகாட்டிய ஒகினாவாவின் நிலை இன்னும் மோசம். 1945-ல் அங்கே நடந்த சண்டையில் ஊர்களோடு சேர்ந்து பிங்காட்டா பட்டறைகளும் அழிந்தன. தலைமுறை தலைமுறையாகக் காத்த அச்சுத்தாள்களும் போயின.

பரம்பரைச் சாயக்காரரான ஷிரோமா எய்கி, போருக்குப் பின் வெறுங்கையோடு மீண்டும் தொடங்கினார். அச்சு வெட்டத் தாள் இல்லை. அமெரிக்க ராணுவம் வீசிவிட்டுப் போன வரைபடங்களை எடுத்து வெட்டினார். களி வழிக்கச் சட்டுவம் இல்லை. உடைந்த கிராமபோன் தட்டு கைகொடுத்தது. களியைக் கோடாகப் பிழியும் பைக்கு முனை வேண்டும். காலித் தோட்டா உறையை மாட்டினார். சிவப்பு நிறம்? லிப்ஸ்டிக்!

சரி, பழைய வடிவங்கள் எங்கே கிடைக்கும்? ஒகினாவாவில் ஓவிய ஆசிரியராக இருந்த கமகுரா யோஷிதாரோ என்பவர், போருக்கு முன்பே பழைய பிங்காட்டா அச்சுத்தாள்களைத் தேடித் தேடிச் சேர்த்து ஜப்பானின் பெருநிலத்துக்குக் கொண்டுபோயிருந்தார். அவை தப்பின. துணி எரிந்தது, பட்டறை இடிந்தது. பாட்டன் முப்பாட்டன் வெட்டிய பூ மட்டும் துவர்ப்புச் சாறு ஏறிய காகிதத்தில் அப்படியே இருந்தது. பிங்காட்டா மீண்டு வந்ததில் இந்தக் காகிதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

துணியாகவே மாறிய காகிதம்

துணியும் காகிதமும் இடம் மாறி விளையாடுவது ஜப்பானில் புதிது அல்ல. கிமோனோவில் தூரிகையால் நுணுக்கமாக வரையும் ‘யூஸென்’ முறைக்குப் பெயர் தந்த மியாஸாக்கி யூஸென், 17-ம் நூற்றாண்டின் கடைசியில் கியோட்டோவில் காகித விசிறிக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தவர். அவருடைய விசிறிப் படங்கள் பிரபலமாகித் துணிக்குப் போயின. இன்று அதே பூக்கள் ‘யூஸென் பேப்பர்’ என்ற பெயரில் திரும்பக் காகிதத்துக்கே வந்துவிட்டன. ஆன்லைனில் கைவினைப் பொருள் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெயரில் விற்பவை பெரும்பாலும் ஸ்கிரீன் பிரிண்டிங்தான். அழகாக இருக்கும், ஆனால், களி வைத்துக் கழுவிய வேலை அல்ல.

இன்னும் ஒருபடி மேலே போய்க் காகிதத்தையே உடுத்தியிருக்கிறார்கள். கோஸோ தாளில் கொன்னியாக்குக் கிழங்கின் பசையைத் தடவி, கசக்கிக் கசக்கி மென்மையாக்கித் தைத்த உடைக்குக் ‘காமிகோ’ என்று பெயர். நாரா நகரத்துத் தோதாய்-ஜி கோயிலில் 752-ம் ஆண்டிலிருந்து நடக்கும் மார்ச் மாத வழிபாட்டில், துறவிகள் இன்றும் இந்தக் காகித உடையை அணிகிறார்கள். கொன்னியாக்கு வேறொன்றும் இல்லை, நம் சேனைக்கிழங்குக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஜப்பானின் கையால் செய்யும் காகித மரபை 2014-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நம் பக்கத்திலும் இந்தச் சுற்று உண்டு. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலை 1959-ல் தொடங்கியது. அங்கே பருத்தித் துணிக் கழிவை அரைத்துத்தான் காகிதம் செய்கிறார்கள். தண்ணீரில் நிறங்களை மிதக்கவிட்டு, அவை நெளியும்போது தாளை மேலே படுக்கவைத்து எடுக்கும் மார்பிள் காகிதம் அங்கே பிரபலம். ஜப்பானியர்கள் மையை வைத்து இதே வித்தையைப் பல நூற்றாண்டுகளாகச் செய்கிறார்கள், ‘ஸுமினாகாஷி’ என்பார்கள். உடுத்திக் கிழிந்த துணி காகிதமாகி, அந்தக் காகிதம் மறுபடி துணி போல நிறம் உடுத்திக்கொள்கிறது.

சுங்குடிக்கு அச்சு எங்கே?

சாயத்தைத் தடுத்து வடிவம் கொண்டுவரும் கலை தமிழ்நாட்டில் எது என்றால், முதலில் வரவேண்டிய பெயர் மதுரைச் சுங்குடி. சௌராஷ்டிரச் சமூகத்தினர் கைவழி வந்தது. துணியை நுனிவிரலால் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் பிரித்தால் கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. ஜப்பானில் இதற்கு ஷிபோரி என்று பெயர். கோலப் புள்ளிகளைப் பார்த்து வைத்தது போலவே சுங்குடிப் புள்ளிகள் இருக்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. கட்டி முடிக்கவே நாட்கணக்காகும்.

2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் இன்று கடையில் சுங்குடி என்று கிடைப்பதில் பெரும்பாலானவை மெழுகு அச்சோ, பிரிண்ட்டோதான். வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. கையால் கட்டியதில் புள்ளிக்குப் புள்ளி அளவு கொஞ்சம் மாறும், விரலால் தடவினால் துணி மெல்லச் சுருங்கி எழும்பியிருக்கும். எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் ராணுவ அணிவகுப்பு போல நின்றால் அது பிரிண்ட். மலிவான சேலையைக் குறை சொல்ல முடியாது, எல்லோருக்கும் பட்ஜெட் என்று ஒன்று இருக்கிறது. பிரிண்ட்டைக் கைமுடிச்சின் விலைக்கு விற்பதுதான் தப்பு.

கவலை வேறு இடத்தில். ஒகினாவாவின் வடிவங்கள் காகிதத்தில் தப்பின. சுங்குடிக்கு அப்படி அச்சுத்தாள் கிடையாது. எங்கே கிள்ள வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது முடிச்சுப் போடும் பெண்களின் விரல்களில் இருக்கிறது. அந்த வீட்டுப் பெண் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போவது நல்ல விஷயம். முடிச்சுக்குக் கூலி கட்டுப்படியாகாதபோது யாரையும் இழுத்துப் பிடித்து உட்காரவைக்கவும் முடியாது. செரிஸாவா நாள்காட்டிக்குப் போனது போல, சுங்குடிப் புள்ளியும் அழைப்பிதழ், நோட்டு அட்டை, விளக்குக் கூடு என்று கைக்காகிதத்துக்கு வந்தால் சேலைக்கு வெளியேயும் ஒரு கூலி பிறக்கும். காகிதத்தை நூலால் கட்ட முடியாது, மடித்து இறுக்கலாம்.

வீட்டிலேயே செய்து பார்க்க...

அந்த மடிப்பு முறைக்குப் பெயர் ‘ஒரிஸோமே’. லீவு நாளில் பிள்ளைகளோடு செய்யலாம். சதுரமான டிஷ்யூ பேப்பரையோ கிச்சன் டவலையோ கொசுவம் வைப்பது போல முன்னும் பின்னுமாக நீளவாக்கில் மடியுங்கள். கிடைத்த பட்டையைச் சமோசா மடிப்பது போல முக்கோணம் முக்கோணமாக மடித்து, இருபுறமும் ஐஸ்க்ரீம் குச்சி வைத்துத் துணி கிளிப்பால் இறுக்குங்கள். தண்ணீரில் கரைத்த கேசரி பவுடரில் ஒவ்வொரு மூலையையும் ஒரு நொடி தொட்டு எடுத்தால் போதும். முழுதும் முக்கினால் வடிவமே வராது. முதல்முறை எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். பாதி காய்ந்த பிறகு மெதுவாகப் பிரியுங்கள். குச்சி அழுத்திய இடம் வெள்ளையாக நிற்கும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் இருந்தால் கட்டாஸோமேயையே முயலலாம். கெட்டியான கைக்காகிதம் வேண்டும். சாதா ஜெராக்ஸ் தாள் நனைந்தால் தாங்காது. பழைய எக்ஸ்-ரே ஃபிலிமில் சூரியகாந்தியோ, பரணில் கிடக்கும் பாட்டியின் கோலநோட்டிலிருந்து ஒரு கோலமோ வரைந்து, பெரியவர் யாராவது கத்தியால் வெட்டித்தரட்டும். பச்சரிசி மாவும் சலித்த தவிடும் சேர்த்துக் கெட்டியாகக் களி கிண்டி, ஆறியதும் ஃபிலிமின் மேல் வழித்துப் பூசி, ஃபிலிமை நேராக மேலே தூக்குங்கள். களி நன்றாகக் காய ஒரு நாள் ஆகும். அவசரப்பட்டால் கோடு கலைந்துவிடும். காய்ந்தபின் வெந்நீரில் கரைத்த மஞ்சளைத் தூரிகையால் பூசி, அதையும் காயவிடுங்கள்.

இங்கே நம் ஊர் வித்தை ஒன்றைச் சேர்க்கலாம். ஆரத்தித் தண்ணீர் எப்படிச் சிவக்கிறது? மஞ்சளில் சுண்ணாம்பு பட்டுத்தானே. சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீரை மஞ்சள் மேல் தீற்றினால் அந்த இடம் செங்கல் சிவப்பாகும். அந்தச் சிவப்பில் எலுமிச்சைச் சாறு தொட்டு எழுதினால் மஞ்சள் திரும்பி வரும். எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி பக்கத்திலேயே இருக்க, தென்காசிக்காரர்களுக்கு இதில் பஞ்சம் வராது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. அந்த வேலையை மட்டும் பெரியவர்கள் செய்யுங்கள். ஜப்பானியர் போலக் களியிலேயே சுண்ணாம்பைச் சேர்த்துவிடாதீர்கள், வெள்ளையாக நிற்க வேண்டிய கோலம் சிவப்பாகிவிடும்.

கடைசியில் அகலத் தட்டில் தண்ணீர் விட்டு, தாளைக் கால் மணி நேரம் மிதக்கவிடுங்கள். களி தானாக இளகும், தேய்க்க வேண்டாம். எடுத்துப் பழைய வேட்டியின் மேல் பரப்பி, முக்கால்வாசி காய்ந்ததும் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள், நெளிவு போய்விடும். மஞ்சள் வெயிலில் வெளுக்கும், சிவப்பும் நாள்பட மங்கும். அதனால் சுவரில் மாட்டுவதைவிட, வடிவம் எடுத்த அதே கோலநோட்டுக்குள் வைத்தால் நிறம் கூடுதல் நாள் இருக்கும்.